பெயரும் கணக்கும்

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சிறுதொழில்களைப் பற்றிச் சிதம்பரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



நான் சொல்ல வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துச் சிறுதொழிலில் கைத்திறனுக்குக் குறைவில்லை. உழைப்புக்கும் குறைவில்லை. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. நாம் செய்யும் பொருளின் மேல் நம் பெயர் இல்லை. நாம் நடத்தும் தொழிலின் கணக்கு நம் கையில் இல்லை. பெயரும் கணக்கும் யாரிடம் இருக்கிறதோ, லாபம் அவரிடம் போய்ச் சேர்கிறது. முந்நூறு ஆண்டுகளாக இந்தக் கடற்கரையில் இதுதான் நடந்து வருகிறது. இன்றைய மாற்றங்கள் அதைத் திருப்பிப் போட ஒரு வாய்ப்பைத் தந்திருக்கின்றன. அந்த வாய்ப்பைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில், சிறுதொழில் என்றால் எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்வோம். 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் பதிவு பெற்ற கம்பெனியாக இல்லாத, விவசாயம் சாராத சிறு நிறுவனங்கள் ஏறத்தாழ 6 கோடியே 34 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் 49 லட்சத்துக்கு மேல். 2023-24இல் எடுத்த ஆய்வில் நாட்டின் எண்ணிக்கை 7 கோடியே 34 லட்சம் என்றும், அவற்றில் வேலை செய்வோர் 12 கோடியே 6 லட்சம் பேர் என்றும் வந்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெரும்பாலும் ஒரு கடைக்காரர், கூட ஒத்தாசைக்கு மனைவியோ மகனோ. அவ்வளவுதான்.

அரசாங்கக் கணக்கில் இவர்கள் எங்கே நிற்கிறார்கள்? 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்பனை 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறுந்தொழில். கீழ வீதியில் தட்டு வைத்துப் பூக்கட்டும் அம்மாவும் குறுந்தொழில்தான், ஆண்டுக்கு 9 கோடி விற்பவரும் குறுந்தொழில்தான். குறுந்தொழிலுக்கு இவ்வளவு கடன் கொடுத்தோம் என்று ஒரு புள்ளிவிவரம் வரும்போது, அது இந்த இருவரில் யாருக்குப் போயிற்று என்று நாம் கேட்டாக வேண்டும்.

இனி கொஞ்சம் வரலாறு.

1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலம் கம்பெனிக்கு என்பது பேச்சு. அப்படி வந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் மாறிய அந்த இடம், 1746இல் சென்னைப்பட்டினத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சோழமண்டலக் கரை முழுவதற்கும் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவே சில ஆண்டுகள் இருந்தது.

எதற்காக இந்த ஊரின் மேல் அவ்வளவு ஆசை? துணிக்காக. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த துணிக்காக. கம்பெனி நேராகத் தறிக்காரரிடம் போகவில்லை. வணிகர்களிடம் முன்பணம் கொடுத்தது. வணிகர் தரகரிடம் கொடுத்தார். தரகர் நெசவாளரிடம் கொடுத்தார். முன்பணம் வாங்கிய நெசவாளர் அந்தத் துணியை வேறு யாருக்கும் விற்க முடியாது. எத்தனை முழம் நெய்தார், எவ்வளவு கழிந்தது, மீதி என்ன என்ற கணக்கு அவரிடம் இல்லை, தரகரின் ஏட்டில் இருந்தது. பக்கத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பு இன்று அந்தக் காலத்தின் வரலாறாகவே நிற்கிறது. வணிகர் எழுதினார், நின்றது. நெய்தவர் எழுதவில்லை, அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை.

அந்தத் துணி எங்கெங்கோ போயிற்று. இந்தக் கரையில் நெய்த கட்டத்துணி இல்லாமல் நைஜீரியாவில், நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்களுக்குச் சடங்குகள் நிறையாது. அவர்கள் அதை இஞ்சிரி என்று அழைக்கிறார்கள். உலகச் சந்தை அதை மெட்ராஸ் என்று அழைக்கிறது. கப்பல் ஏறிய துறைமுகத்தின் பெயர் துணிக்கு வந்தது, தறி இருந்த ஊரின் பெயர் வரவில்லை. இன்றைக்கும் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நெய்யும் கைலியை எடுத்துக்கொள்ளுங்கள். மடித்துக் கட்டி, அட்டை வைத்து, மேலே ஒட்டும் சீட்டில் இருப்பது பெரும்பாலும் வேறொரு ஊரின், வேறொரு முதலாளியின் பெயர்.

சரி, இன்றைக்கு வருவோம். இந்த மாவட்டத்தின் இரண்டு தொழில்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒன்று பண்ருட்டி முந்திரி. இன்னொன்று நம் சிதம்பரம் கவரிங்.

பண்ருட்டியைச் சுற்றிச் செம்மண் மேட்டு நிலத்தில் முந்திரியும் பலாவும்தான் வாழ்க்கை. முந்திரிக்கொட்டை வியாபாரத்தில் மூட்டை என்றால் 80 கிலோ. அதை அவித்து, காயவைத்து, ஒவ்வொரு கொட்டையாக வைத்து உடைக்கிறார்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலையோ எண்ணெயையோ தடவிக்கொண்டு அந்த வேலையைச் செய்பவர்கள் பெண்கள். உடைத்த பருப்பைச் சூட்டில் உலர்த்தி, மேல் தோலை நகத்தாலும் சிறு கத்தியாலும் உரிக்கிறார்கள். உரிக்கும்போது ஒரு பருப்பு பிளந்துவிட்டால் அதன் விலை அந்த நொடியில் இறங்கிவிடும். பிறகு ரகம் பிரித்தல். ஒரு பவுண்டு எடையில் 180 பருப்பு நின்றால் அது முதல் ரகம், டபிள்யூ 180. 320 வரை நின்றால் டபிள்யூ 320. அதன் பிறகு பிளவு, துண்டு, குருணை. 80 கிலோ மூட்டையை உடைத்தால் கடைசியில் கையில் நிற்கும் பருப்பு ஏறத்தாழ 20 கிலோவோ 22 கிலோவோதான்.

இவ்வளவு பாடுபட்ட பருப்பு எப்படி ஊரைவிட்டுப் போகிறது? பெரும்பகுதி தகர டின்னிலும் மூட்டையிலும் மொத்தமாகப் போகிறது. வெளியூரில் ஒருவர் அதைக் கால் கிலோ, நூறு கிராம் என்று பிரித்து, பளபளக்கும் உறையில் போட்டு, தன் பெயரை அச்சடித்து விற்கிறார். ஆபத்தான வேலையும், நுணுக்கமான வேலையும், பெரிய வேலையும் பண்ருட்டியில் முடிந்துவிட்டன. கடைசியில் மிஞ்சியது உறையில் போட்டுப் பெயர் எழுதுவது ஒன்றுதான். கொழுத்த லாபம் அந்தக் கடைசி வேலையில் இருக்கிறது. அதைத்தான் நாம் பிறரிடம் விட்டுவிட்டோம்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். நம் ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதவில்லை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வரும் கொட்டையை நம்பித்தான் பலவும் ஓடுகின்றன. உலகிலேயே அதிகக் கொட்டை விளைவிக்கும் ஐவரி கோஸ்ட் இப்போது, கொட்டையை அப்படியே ஏற்றுமதி செய்யாமல் தன் மண்ணிலேயே உடைத்துப் பருப்பாக்கி விற்க முனைகிறது. வியட்நாம் இயந்திரங்களை நிறுவிப் பருப்பு ஏற்றுமதியில் முதலிடத்துக்குப் போய்விட்டது. இயந்திரத்தோடு கூலியைக் குறைத்துப் போட்டியிட நம்மால் முடியாது. போட்டியிடவும் கூடாது, ஏனென்றால் அந்தக் கூலி ஏற்கெனவே குறைவு, அதை வாங்குகிறவர்கள் நம் பெண்கள். இது பண்ருட்டிப் பருப்பு, இன்ன மண்ணில் விளைந்தது, இன்னார் கையால் உரித்தது என்று சொல்லி விற்பதுதான் நமக்கு முன்னால் இருக்கும் நேர்வழி.

பலாவுக்கும் இதே கதைதான். சித்திரை, வைகாசியில் பழம் குவியும்போது விலை சரியும். வியாபாரி சொன்ன விலைக்கு லாரியில் ஏற்றிவிட வேண்டியதுதான், ஏனென்றால் பழம் காத்திருக்காது. சுளையை உலர்த்தவும், சிப்ஸ் போடவும், கொட்டையை மாவாக்கவும் உள்ளூரிலேயே வசதி பெருகினால் அந்த இரண்டு மாத நெருக்கடி குறையும். மரம் வைத்தவர் விலை சொல்லும் நிலைக்கு வருவார்.

இப்போது சிதம்பரம் கவரிங். தேர் வீதிகளைச் சுற்றிய சந்துகளில் பட்டறை வைத்திருப்பவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள், நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்துங்கள். செம்புக் கம்பியைத் துளைத் தகட்டில் மாட்டி இழுத்து இழுத்து மெலிதாக்குகிறீர்கள். மெல்லிய கோலில் சுருட்டி, வெட்டி, வளையங்களாக்குகிறீர்கள். ஒரு கண்ணியில் அடுத்த கண்ணியைக் கோத்து, பற்றாசு வைத்து ஊதி ஒட்டுகிறீர்கள். அமிலத்தில் அலசி, மெருகேற்றி, முலாம் தொட்டியில் இறக்கித் தங்கப் பூச்சு ஏற்றுகிறீர்கள். வாங்க வரும் பெண்மணி கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை மாசம் கறுக்காம இருக்கும்?” அந்த ஒரு கேள்விக்கு நாணயமாகப் பதில் சொன்னவர்களால்தான் இந்த ஊர் நகைக்கு நாடெங்கும் பெயர் வந்தது.

தங்கத்தின் விலை நடுத்தரக் குடும்பம் நெருங்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. சங்கிலிப் பறிப்புப் பயத்தில், தங்கம் வைத்திருப்பவர்கள்கூட வெளியூர்ப் பயணத்துக்குக் கவரிங்கை அணிகிறார்கள். கல்யாணத்துக்கும் நாட்டியத்துக்கும் வாடகை நகை என்று தனித் தொழிலே வளர்ந்திருக்கிறது. அப்படியானால் இந்த ஊர்ப் பட்டறைகள் நிரம்பி வழிய வேண்டுமே? இயந்திரத்தில் அச்சடித்து வரும் வெளிமாநில நகையும் வெளிநாட்டு நகையும் வந்து குவிகின்றன. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் ‘சிதம்பரம் கவரிங்’ என்று பலகை தொங்குகிறது. அந்தக் கடைகளில் இருக்கும் நகை எல்லாம் இந்த ஊரில் செய்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. முந்திரிக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. கவரிங்குக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் அது யாருடையதாகவும் இல்லை. இரண்டுமே நஷ்டம்தான்.

தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை இருக்கிறது. கவரிங்குக்கு, பூச்சு எத்தனை மைக்ரான், உள்ளே என்ன உலோகம் என்று சொல்லும் முத்திரை ஏதும் நடைமுறையில் இல்லை. அதைச் சிதம்பரத்துப் பட்டறைக்காரர்கள் ஒன்றுகூடித் தாங்களே தொடங்கலாம். இன்ன தரம், இத்தனை மாதம் உத்தரவாதம், கறுத்தால் இந்த விலாசத்தில் மாற்றித் தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். முலாம் தொட்டிக் கழிவை முறையாகச் சுத்திகரிக்கப் பொது ஏற்பாடு ஒன்றும் அதோடு வர வேண்டும். வாய்க்காலைக் கெடுத்துச் சம்பாதித்த பெயர் அதிக காலம் நிற்காது.

பெயரைக் காத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம், திண்டுக்கல் பூட்டு ஆகியவை 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இலும் அந்தக் குறியீட்டைப் பெற்றன. இவை எல்லாம் பெரிய கம்பெனிகளின் சரக்கு இல்லை. நம்மைப் போன்றவர்கள் அடுப்படியிலும் பட்டறையிலும் செய்தவை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறியீடு கிடைத்துவிட்டது என்று பத்திரிகையில் படம் வந்ததோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். போலியைக் கண்டால் வழக்குத் தொடர ஒரு சங்கம் விழித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது சுவரில் மாட்டிய சான்றிதழாகவே இருந்துவிடும்.

தனிப்பட்ட பெயருக்கு வணிகச் சின்னப் பதிவு இருக்கிறது. தனிநபரோ சிறு நிறுவனமோ இணைய வழியில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஒரு கடைப் பெயர்ப்பலகைக்கு இதைவிட அதிகம் செலவு செய்கிறோம். சுயஉதவிக் குழுச் சகோதரிகளுக்குத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ என்ற பொதுப் பெயர் இருக்கிறது. அதன் கீழ் விற்பது நல்ல தொடக்கம். நாளைக்கு உங்கள் குழுவின் பெயரும் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும்.

அடுத்தது கணக்கு.

2016 ஏப்ரலில் யுபிஐ தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. 2020இல் ஊரடங்கு. நான்கு ஆண்டுக்குள் இத்தனை அடிகள். சிறு வணிகர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், பலர் எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சிரமத்துக்கு நடுவில்தான் கியூஆர் அட்டை ஒவ்வொரு கடைக்கும் வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே மாதத்தில் 2,000 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. தெற்கு வீதியில் இளநீர் வெட்டுகிறவர் பக்கத்திலும் பணம் வந்ததை அறிவிக்கும் பெட்டி இருக்கிறது.

சில்லறைத் தொல்லை தீர்ந்தது என்பதோடு இதை முடித்துவிடக் கூடாது. இந்தக் கரையில் முதன்முறையாக, இளநீர் விற்பவருக்கு அவருடைய வியாபாரத்தைப் பற்றி எழுத்தில் ஓர் ஆவணம் கிடைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாங்கினார்கள், எந்த மாதத்தில் விற்பனை ஏறியது என்பதெல்லாம் பதிவாகிறது. அதன் மதிப்பு என்னவென்று தெரிய வேண்டுமானால் அவர் இதுவரை கடன் வாங்கிய முறையைப் பார்க்க வேண்டும்.

தண்டல் உங்களுக்குத் தெரியும். பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் தருவது 8,500. மறுநாள் முதல் தினமும் 100 ரூபாய், நூறு நாள். 1,500 ரூபாய்தானே வட்டி, 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. நூறு நாளில் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் 4,250 ரூபாய்க்கு அருகில்தான். அதற்கு நூறு நாளுக்கு 1,500 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 125 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இல் வந்தது. இருந்தும் தண்டல் நடக்கிறது. காரணம், தண்டல்காரர் காலை 5 மணிக்குக் கடை வாசலுக்கு வருகிறார், காகிதம் கேட்பதில்லை. வங்கி காகிதம் கேட்கிறது.

இப்போது காகிதம் இருக்கிறது. ஓராண்டு யுபிஐ வரவை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போங்கள். சிறுதொழில் கடனுக்கான முத்ரா திட்டம் 2015இல் தொடங்கியது. தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டம் 2020இல் வந்தது. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளுக்கு முன்பே உத்தரவிட்டிருக்கிறது. வங்கி அதிகாரி வீட்டுப் பத்திரம் கேட்டால், அந்த உத்தரவைச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகப் போகத் தயங்கினால் சங்கமாகப் போங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கணக்கு கைபேசியில் இருப்பதால் அது நம் கணக்காகிவிடாது. கியூஆர் அட்டை கொடுத்த நிறுவனத்துக்கும் அந்தக் கணக்கு தெரியும். அதே செயலியில், ஒரு பட்டனை அழுத்தினால் கடன் என்று வருகிறது. வட்டி என்ன, கட்டணம் என்ன, தாமதமானால் என்ன என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. தினசரி விற்பனையிலிருந்தே தவணையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வாசலில் நின்ற தண்டல் கைபேசிக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். இணைய வழி உணவு விற்பனையிலும் பொருள் விற்பனையிலும் இதே நிலை. வாடிக்கையாளர் யார், அவர் விலாசம் என்ன என்பது செயலிக்குத் தெரியும், சமைத்தவருக்குத் தெரியாது. முன்பணத்தை ஏட்டில் எழுதிய அந்தக் காலத்துத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சொல்கிறேன்: கைபேசி எழுதுவது எழுதட்டும், நீங்களும் ஒரு நோட்டில் தனியாக எழுதுங்கள். வாங்கியது, விற்றது, வீட்டுக்கு எடுத்தது, கடன் கொடுத்தது. நான்கு பத்தி போதும்.

கடன் கொடுத்தது என்ற பத்தியில்தான் பல தொழில்கள் சாகின்றன. சரக்கு போய்விடும், பணம் வராது. மூன்று மாதம், ஆறு மாதம். இதற்கும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. குறித்த நாளுக்குள் தராத தொகையை, தரும் வரை செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்க, அரசின் குறு, சிறு தொழில் பதிவான உத்யம் பதிவு வேண்டும். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். 2020 ஜூலை முதல் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடலூரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் செய்து தருவார்கள்.

நண்பர்களே, இதை எல்லாம் சொல்லும்போது சிலர் கேட்பதுண்டு: “சின்னக் கடைகளை வைத்து மாவட்டம் வளருமா? பெரிய ஆலை வந்தால்தானே வேலை கிடைக்கும்?” பெரிய ஆலையால் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நெல்லிக்குப்பத்தில் 1842இல் தொடங்கிய சர்க்கரை ஆலையும், நெய்வேலியில் 1956இல் அமைந்த நிலக்கரி நிறுவனமும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. ஆனால் காத்திருந்து ஏமாந்த கதைகளும் உண்டு. பரங்கிப்பேட்டையில் 1830இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாதுவையும் காட்டு மரக்கரியையும் நம்பிய ஆலை சில பத்தாண்டுகளில் அடங்கிவிட்டது. நம் காலத்தில், கடலூருக்குத் தெற்கே ஆண்டுக்கு 60 லட்சம் டன் திறனுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. கட்டுமானம் சேதமானது, கடன் தேங்கியது, ஆலை ஓடாமலே திவால் நடவடிக்கைக்குப் போனது.

அதே தானே புயல் பண்ருட்டியில் முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. தலைமுறையாக நின்ற பலா போனது. அந்த விவசாயிகள் திரும்பவும் கன்று வைத்தார்கள், ஒட்டு முந்திரி வைத்து மூன்று, நான்கு ஆண்டில் காய் பறித்தார்கள். பெரிய மூலதனம் கைவிட்டுப் போன இடத்தில் சிறியவர்கள் நிலைத்து நின்றார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. அந்த நிலைத்து நிற்கும் குணம்தான் உள்ளூர்ப் பொருளாதாரத்தின் அடித்தளம்.

ஆனால் அவர்களின் பொறுமையையே எப்போதும் நம்பிக்கொண்டிருப்பது நியாயமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 தானே, 2015 பெருவெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணையில் வந்த வெள்ளம். இருபது ஆண்டில் நான்கு பேரிடர்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு நிவாரணம் வருகிறது, பயிருக்கு வருகிறது. கடையில் நனைந்த சரக்குக்கும், பட்டறையில் மூழ்கிய மோட்டாருக்கும் என்ன வந்தது? சரக்குக்குக் காப்பீடு எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள். காப்பீடு கோரவும் முந்தைய நாள் வரை சரக்கு எவ்வளவு இருந்தது என்ற கணக்கு வேண்டும். இங்கேயும் கணக்குதான்.

சிதம்பரத்துக்கென்று ஒரு வார்த்தை. இந்த ஊர் இரண்டு தூண்களில் நிற்கிறது: கோயில், பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம்பி விடுதி, மெஸ், ஜெராக்ஸ், புத்தகக் கடை என்று ஒரு தனி ஊரே வளர்ந்தது. 2013இல் தமிழக அரசு நிர்வாகத்தை ஏற்றது. அதன் பிறகு ஆசிரியர்களும் ஊழியர்களும் பெருமளவில் பணி நிரவலில் வெளியூர் போனார்கள். ஒரு சம்பளம் வெளியூர் போகும்போது, அதோடு ஒரு மளிகைக் கணக்கும் ஒரு பால் கணக்கும் போகின்றன என்பதை இங்குள்ள கடைக்காரர்கள் அனுபவித்து அறிந்தவர்கள்.

கோயிலுக்கு ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். மகா சிவராத்திரியையொட்டி 1981 முதல் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு நாடெங்கிலுமிருந்து கலைஞர்கள் வருகிறார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் வருகிறவர்கள் காலையில் தரிசனம், மதியம் படகு, மாலையில் புறப்பாடு என்று போய்விடுகிறார்கள். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை வந்த பிறகு, ஊருக்குள் நுழையாமலே கடந்து போகவும் முடிகிறது. பயணி ஓர் இரவு தங்கினால் விடுதிக்காரருக்கு மட்டுமா வருமானம்? மறுநாள் காலை கொத்சுவோடு இட்லி சாப்பிடுவார், கவரிங் கடைக்குள் நுழைவார், விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை கிடைத்தால் வாங்குவார். பரதநாட்டியத்துக்கு நகை வேண்டிய நடனக் கலைஞர்கள் ஆண்டுதோறும் இந்த ஊருக்கே வருகிறார்கள். நகை செய்பவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். நாட்டியாஞ்சலி நாட்களில் பட்டறைகளைத் திறந்து காட்டி நேரே விற்பதற்கு ஓர் ஏற்பாடு செய்யக் கூடாதா? கிள்ளையிலும் பிச்சாவரத்திலும் மீனவப் பெண்கள் நடத்தும் உணவகங்களுக்கு முறையான இடமும் தண்ணீரும் தரக் கூடாதா?

முடிவாக, மூன்று தரப்பாரிடம் மூன்று வேண்டுகோள்.

வணிக நண்பர்களே, தறிக்காரர்களே, பட்டறைக்காரர்களே, முந்திரி உரிக்கும் சகோதரிகளே: இந்த மாதத்துக்குள் உத்யம் பதிவை முடியுங்கள். இன்றிரவே நான்கு பத்தி நோட்டைத் தொடங்குங்கள். செய்யும் சரக்கில் பத்தில் ஒரு பங்கையாவது உங்கள் பெயரிட்ட உறையில் விற்றுப் பாருங்கள். முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், மொத்த வியாபாரியையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பத்தில் ஒன்று என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துவிட்டால், மீதி ஒன்பதுக்கு விலை பேசும்போது உங்கள் குரல் மாறிவிடும்.

அரசு அலுவலர்களே, வங்கியாளர்களே: எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தோம் என்ற எண்ணிக்கையோடு, எத்தனை பேர் தண்டலிலிருந்து மீண்டார்கள் என்பதையும் கணக்கெடுங்கள். பண்ருட்டியில் உறையிடுவதற்கும், சிதம்பரத்தில் முலாம் தரம் பார்ப்பதற்கும் கழிவைச் சுத்திகரிப்பதற்கும் பொது வசதி மையங்கள் வேண்டும். ஒரு பெரிய ஆலைக்குக் கொடுக்கும் சலுகையில் சிறு பகுதி போதும் இதற்கு.

மாணவ மாணவியரே: உங்கள் பெற்றோர் நடத்தும் கடையைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் படித்த வணிகவியலும் கணினியும் முதலில் உங்கள் வீட்டுக் கணக்குக்குப் பயன்படட்டும். விடுமுறையில் ஒவ்வொருவரும் பத்துக் கடைக்குப் பதிவும் கணக்கும் செய்து கொடுத்தால், சில ஆண்டுகளில் இந்த நகரத்தில் பதிவு இல்லாத கடை இருக்காது.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் 26 லட்சம் பேர் வாழ்கிறோம். நம் ஊரில் செய்த பொருளை நம் ஊர்ப் பெயரோடு கேட்டு வாங்க நாமே தொடங்கினால், அதுவே ஒரு பெரிய சந்தை. நெய்தவர் பெயர் தெரியாமல் முந்நூறு ஆண்டுகள் போய்விட்டன. இனி செய்பவரின் பெயர் சரக்கின் மேல் இருக்கட்டும், கணக்கு அவர் கையில் இருக்கட்டும். அதைச் செய்து முடிப்பது நம்மால் ஆகக்கூடிய காரியம்தான் என்று முழுமனதாக நம்புகிறேன்.